தரம் 2, 3 பிள்ளைகளுக்குச் சித்திரம்: கரும்பலகையில் கீறிக் காட்டலாமா?

#1 படுவான்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். படுவான்கரையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். தரம் 2ம் 3ம் ஒரே மண்டபம், நடுவில் ஒரு தட்டி. எங்களுக்குத் தனிச் சித்திர ஆசிரியர் இல்லை. தமிழ், கணிதம், சுற்றாடல், பாட்டு, சித்திரம் எல்லாமே வகுப்பாசிரியரின் தலையில்தான்.

"விரும்பிய படம் கீறுங்க" என்று சொன்னால் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் கீறுகிறார்கள். இரண்டு முக்கோண மலை, இடையில் பாதிச் சூரியன், வளைந்து இறங்கும் ஆறு, ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து காகம். எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றால் வயலும் குளமும் வரம்பில் நிற்கும் மாடும்தான் தெரியும். மலை எங்கிருந்து வந்தது? மிச்சப் பேர் "டீச்சர், நீங்க கீறுங்க, பார்த்துக் கீறுறம்" என்று கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கீறிக் காட்டினால் வடிவாக வருகிறது, தாய்தகப்பனுக்கும் சந்தோசம். ஆனால் எல்லாக் கொப்பியிலும் இருப்பது என் படம். பயிற்சிக் காலத்தில் "சுயமாகக் கீற விடுங்கள்" என்றார்கள். சரி, எப்படி விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பஸ்டல் வாங்கப் பள்ளியில் காசு இல்லை என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 வாவிமீன்

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். அந்த மலைப் படம் சேவைக்காலம் முழுவதும் என் பின்னாலேயே வந்தது. கிரானுக்கு உள்ளே போனால் குடும்பிமலை இருக்கிறது, அந்தப் பக்கத்துப் பிள்ளை மலை கீறினால் ஒத்துக்கொள்ளலாம். களுதாவளையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. அந்த ஊர்ப் பிள்ளையும் அதை மலைக்கு நடுவில்தான் வைக்கிறது. அது கண்டதைக் கீறவில்லை, அண்ணனோ டீச்சரோ கீறியதைக் கீறுகிறது.

"விரும்பியதைக் கீறு" என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு மிகவும் கஷ்டமான கட்டளை. உங்களிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தந்து "விரும்பியதை எழுதுங்கள்" என்றால் நீங்களும் முழிப்பீர்கள். தலைப்பைச் சுருக்க வேண்டும். அதற்குள் பிள்ளை இருக்க வேண்டும், பிள்ளையின் உடம்பு ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். "கிணறு" என்று கொடுக்காதீர்கள், "நான் கிணற்றடியில் குளிக்கிறேன்" என்று கொடுங்கள். கொடுத்ததும் கீற விடவும் வேண்டாம். பத்து நிமிசம் கதையுங்கள். வாளியை எந்தக் கையால் தூக்குவாய்? தண்ணீர் முதலில் எங்கே விழும்? கண்ணை மூடுவாயா? சவர்க்காரம் எங்கே இருக்கும்? பக்கத்தில் யார் நிற்பார்? எழுந்து நின்று ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் படத்திலும் கை நீளும். கரும்பலகையில் ஒரு கோடும் இருக்கக் கூடாது.

வயதையும் பாருங்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர், ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் சித்திரக் கல்வி படிப்பித்தவர், 1947இல் இதைப் படிகளாக எழுதி வைத்தார். இரண்டிலிருந்து நாலு வயது வரை கிறுக்கல். நாலுக்கும் ஏழுக்கும் இடையில் தலையிலிருந்தே கைகால் முளைத்த மனிதர் வருவார், பொருட்கள் தாளில் மிதக்கும். ஏழு தொடக்கம் ஒன்பது வரை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு விழும், வீடும் மரமும் ஆளும் அதன்மேல் வரிசையாக நிற்பார்கள், வானம் மேல் ஓரத்தில் ஒரு நீலப் பட்டை, நடுவில் வெறும் இடம். உங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். "வானத்தைத் தரை வரைக்கும் இழு" என்று திருத்தப் போகாதீர்கள், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒன்பதைத் தாண்டும்போது "அசல் மாதிரி வருகுதில்லை" என்ற கவலை தானாக வரும். வழி காட்ட வேண்டிய வயது அதுதான். நாங்கள் தரம் 2இல் திருத்தித் திருத்தி, தரம் 5இல் கை கழுவி விடுகிறோம்.

அச்சடித்த படத்துக்கு நிறம் தீட்டும் கொப்பிகளை அந்த மனிதருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

#3 களுவாஞ்சிக்குடி அம்மா

சேர் சொல்வது கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் வீட்டு நிலைமையையும் யோசியுங்கள். என்ட மகன் தரம் 4. அடுத்த வருசம் புலமைப்பரிசில். இரண்டு பத்திரம், ஒன்றிலும் படம் கீறச் சொல்லிக் கேள்வி இல்லை. பின்னேரம் டியூசன், சனிக்கிழமை டியூசன். இதற்குள் அவர் பஸ்சும் மாடும் கீறிக்கொண்டு இருந்தால் எனக்கு ஏச்சு வராதா?

இன்னொன்று. அவர் கீறின பஸ்சில் உள்ளே இருக்கிற ஆட்களின் காலும் சீட்டும் வெளியே தெரிகிறது. "மனே, தகரத்துக்குள்ளால கால் தெரியுமா" என்று கேட்டு அழிக்கச் சொன்னேன். அதுவும் கூடாதா? பிழையைப் பிழை என்று சொல்லாமல் எப்படிப் படிக்கும்?

#4 மருதமுனை நானா

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் ஆரம்பப் பிரிவுதான், வாப்பா தறி போட்டவர். எங்கள் பக்கம் இன்னொரு விசயமும் உண்டு. சில தாய்தகப்பன் உயிருள்ளவற்றின் உருவம் கீற வேண்டாம் என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை. தோணி, வலை, தென்னை, கடல், பள்ளிவாசல் மினாரா, சந்தைக் கடை என்று கீறுவதற்குக் கனக்க இருக்கிறது. எல்லாவற்றையும் விட டிசைன்.

மருதமுனைப் பிள்ளைக்குச் சாறன் கட்டம் தெரியும், சாரிக் கரை தெரியும். ஒரு சாறன் துண்டைக் கொண்டுபோய் மேசையில் போட்டு, "இந்தக் கோடு எத்தனை நூலுக்கு ஒருக்கா திரும்பி வருகுது?" என்று கேட்பேன். பிறகு தாள் நெசவு. டிமை தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு விரல் விட்டு வெட்டிக்கொண்டே போனால் விரித்ததும் பாவு, அதாவது நெடுக்குப் பட்டிகள், வந்துவிடும். பழைய பத்திரிகை, கலண்டர் தாளைப் பட்டி பட்டியாக வெட்டினால் குறுக்கே நுழைக்கிற ஊடு. ஒன்று மேலே ஒன்று கீழே. அடுத்த வரிசை மாற்றி. கை பழகினதும் இரண்டு மேலே ஒன்று கீழே என்று அவர்களே மாற்றுவார்கள். பன்பாய் இழைக்கிற உம்மா யாராவது இருந்தால் வகுப்புக்கு ஒரு நாள் கூப்பிடுங்கள், பிள்ளைகள் வாய் திறக்காமல் பார்ப்பார்கள்.

அக்கா, புலமைப்பரிசில் முதலாம் பத்திரத்தில் உருவத் தொடர் கேள்விகள் வருகுதுதானே. டிசைன் கீறிப் பழகின பிள்ளைக்கு அது லேசு. அப்படிப் பார்த்தாலும் சித்திரம் நட்டம் இல்லை.

#5 வாவிமீன்

தம்பி, தாள் நெசவு நல்ல வேலை. கடைசிப் பந்திதான் எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சைக்கு உதவும் என்று சொல்லிச் சித்திரத்தை விற்காதீர்கள். அப்படி விற்றால், உருவத் தொடர் மட்டும் உள்ள பயிற்சிக் கொப்பி ஒன்று கடைக்கு வந்த அன்றைக்கே நீங்கள் தோற்றுவிடுவீர்கள். அந்த வேலையை அது உங்களை விட விரைவாகச் செய்யும். பரீட்சை முடிந்த மறுநாள் பெட்டியில் போகிற முதல் பொருளும் சித்திரக் கொப்பியாக இருக்கும்.

பிள்ளை விளையாடுவதற்கு நாங்கள் காரணம் கேட்பதில்லை. கீறுவதற்கு மட்டும் ஏன் இத்தனை காரணம்?

அம்மா, உங்கள் மகனுடைய பஸ். அவர் பஸ்சுக்கு வெளியே நின்று பார்த்துக் கீறவில்லை, உள்ளே இருந்து பிரயாணம் செய்த பஸ்சைக் கீறுகிறார். உள்ளே ஆட்கள் இருந்தது அவருக்கு முக்கியம். இப்படி உள்ளும் புறமும் சேர்த்துக் கீறுவதை எக்ஸ்ரே படம் என்று சித்திர ஆசிரியர்கள் சொல்வோம், இந்த வயதுக்கே உரியது. மாட்டின் வயிற்றுக்குள் கன்று கீறும் பிள்ளைகளும் உண்டு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகளைக் கீறும்போது ஒரு பக்கத்து வீடுகள் தலைகீழாகக் கிடக்கும். பிள்ளை ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். கூட்டலில் வரும் பிழை மாதிரி இதை எடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு வருசத்தில் தகரம் தானாக மூடும். அழிறப்பரை ஒளித்து வையுங்கள்.

#6 களுவாஞ்சிக்குடி அம்மா

சரி சேர், அழிக்கவில்லை. ஆனால் டியூசனைக் குறைக்கச் சொல்லாதீங்க.

#7 கல்லடிக் காற்று

நான் கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறேன், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறேன். டீச்சர் பஸ்டல் இல்லை என்றீர்கள். நான் செய்து பார்த்தவை மட்டும் சொல்கிறேன்.

கரி: முருங்கை மாதிரி மென்மையான காய்ந்த குச்சிகளைப் பால்மா டின்னுக்குள் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு அடுப்பில் வையுங்கள். ஓட்டையால் வரும் புகை நின்றதும் எடுத்து, மூடியைத் திறக்காமல் ஆற விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எரிந்து சாம்பலாகிவிடும். சிரட்டைக்கரி வேண்டாம், தாளைக் கீறிவிடும்.

நிறம்: மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள். அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும் (சுண்ணாம்பை நீங்கள் கலந்து கொடுங்கள், பிள்ளைகள் கையில் வேண்டாம்). தேக்கங் கொழுந்தைக் கசக்கினால் சிவப்பு. நீலச் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நீலம், அதற்குள் தேசிக்காய்ப்புளி விட்டால் ஊதா. பிள்ளைகளை ஒரு பாடவேளை முழுக்க வைத்திருக்க இந்த ஊதா ஒன்றே போதும். ஆனால் மஞ்சளும் பூச் சாயமும் வெயிலில் மங்கும், பெற்றோர் தினத்துக்கு என்று இப்போதே சுவரில் ஒட்டி வைக்காதீர்கள்.

அச்சு: வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ. வாழை மட்டையை வெட்டினால் அறை அறையாக வலை மாதிரி. தாமரைத் தண்டில் ஓட்டைகள். கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி நிறம் கலந்தால் விரலால் பூசவும் ஆகும், அச்சுக்கும் ஆகும்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை "தோல் கலர் தாங்க" என்று கேட்கும், பக்கத்துப் பிள்ளை அந்த வெளிர் ரோசா பஸ்டலை எடுத்துக் கொடுக்கும். அந்த நிறத்தில் வகுப்பில் ஒரு ஆள் கிடையாது. எல்லோரையும் கையை நீட்டி மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மண்ணிறம், மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. தன் கையின் நிறம் வரும் வரைக்கும் கலக்க வேண்டும். செங்கட்டித் தூளும் கரியும் மஞ்சளும் இருந்தாலே போதும்.

#8 படுவான்கரை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சேர் சொன்ன கிணற்றடியைச் செய்தேன்.

முதலில் ஒரே சிரிப்பு. ஊற்றிக் காட்டச் சொன்னதும் ஒருவன் உண்மையாகவே குளிர்ந்த மாதிரி நடுங்கிக் காட்டினான், பிறகு எல்லோரும் நடுங்கினார்கள். கீறத் தொடங்கியதும் வழக்கமாக "டீச்சர் பாருங்க" என்று ஓடிவருகிற கூட்டம் இல்லை. ஒரு மலையும் இல்லை! ஒரு பிள்ளையின் கிணறு மேலேயிருந்து பார்த்த வட்டம், வாளி பக்கத்திலிருந்து பார்த்த வாளி, கயிறு தாளைச் சுற்றி ஓடுகிறது. இன்னொருவருக்குக் கை காலை விட நீளம். குழாய்த்தண்ணி உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்று "எங்கட வீட்டில கிணறு இல்ல" என்று அழப் பார்த்தது. குழாயடியைக் கீறு என்றேன், அதுவும் சரியாகிவிட்டது.

ஆனால் இரண்டு பிள்ளைகள் கடைசி வரைக்கும் கீறவில்லை. இருவரும் கெட்டிக்காரர்கள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். "பிழைச்சுப் போகும் டீச்சர்" என்கிறார்கள். இவர்களை என்ன செய்வது?

#9 மருதமுனை நானா

தங்கச்சி, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தாளைக் கொடுக்காதீங்க. பிழைக்க முடியாத வேலையைக் கொடுங்க. இலையைத் தாளுக்கு அடியில் வைத்து பஸ்டலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். இல்லாவிட்டால் வெள்ளை மெழுகுதிரியால் கீறச் சொல்லுங்கள். கீறும்போது எதுவும் தெரியாது, மேலே நிறத் தண்ணியைப் பூசினால்தான் கோடு தெரியும். என்ன வருகுது என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாததால் பிழைக்கவும் ஏலாது. இரண்டு மூன்று தரம் செய்த பிறகு பென்சிலைக் கொடுங்கள்.

#10 திருக்கோவில் தென்றல்

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். நான் ஆசிரியர் இல்லை. 2004 சுனாமி நேரம் தரம் 3 படித்தேன், முகாமில் இருந்தோம். யார் யாரோ வந்து தாளும் கலரும் தந்து படம் கீறச் சொன்னார்கள். நாங்கள் அலையைக் கீறினோம், உடனே "இது யார், இது என்ன" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு எங்களுக்கும் பழகிவிட்டது. அலை கீறினால் பெரியவர்கள் பக்கத்தில் வந்து இருப்பார்கள் என்று எல்லோரும் அலையே கீறினோம். அதுவும் ஒரு மலைப் படம்தான், இல்லையா?

அதனால் ஒரு வேண்டுகோள். பிள்ளை கீறினதைப் பார்த்து மனதை வாசிக்கப் போகாதீர்கள். கறுப்பு நிறம் எடுத்தால் துக்கம் என்றெல்லாம் சொல்கிறார்கள். பெட்டியில் கறுப்பு மட்டும் முறியாமல் இருந்திருக்கலாம்.

#11 வாவிமீன்

தென்றல் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 1996இல் தொடங்கியபோது யுத்த நேரம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வளவுக்குள் வந்து களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் கூத்திலும் பொழுதைக் கழித்தார்கள். அங்கே என்னை ஈர்த்தது அவசரம் இல்லாமைதான். "உன் துக்கத்தைக் கீறு" என்று தாளை நீட்டவில்லை. பிள்ளைக்கு இடமும் நேரமும் பொருளும் கிடைத்தன, சொல்ல இருந்தால் தானாகச் சொல்லும்.

டீச்சர், படம் முடிந்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை அதே வார்த்தையில் தாளின் பின்பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, ஒரு கோப்பில் வையுங்கள். புள்ளி போட வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். தவணை முடிவில் தாய்தகப்பன் வந்தால் முதல் மாதப் படத்தையும் கடைசி மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதை விடப் பெரிய அறிக்கை உங்களால் எழுத ஏலாது.

#12 களுவாஞ்சிக்குடி அம்மா

அப்போ போட்டிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? போன வருசம் மகனை ஒரு சித்திரப் போட்டிக்கு அனுப்பினேன். முதலிடம் வந்த படத்தில் வானம் பஞ்சால் தேய்த்து மெல்ல மெல்ல மங்குகிறது, மயிலுக்குத் தோகையில் ஒவ்வொரு கண்ணும் அச்சு மாதிரி. கீறினது தரம் 3 பிள்ளையாம்! வீட்டில் கீறி அனுப்புகிற போட்டி. இவர் கீறினது மாமாங்கத் திருவிழா. ஐஸ்கிறீம் வண்டிதான் பெரிசு, கோயில் மூலையில். ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கும் "அழிறப்பரை ஒளித்து வை" என்றுதான் சொல்வீர்களா சேர்?

#13 வாவிமீன்

நடுவர் மேசையில் நான் இருந்திருந்தால் ஐஸ்கிறீம் வண்டிக்குத்தான் கொடுத்திருப்பேன். ஏழெட்டு வயதுக் கை தாள் முழுவதும் ஒரே அழுத்தத்தில் போகாது. பிடித்த இடத்தில் அழுத்தும், களைத்த இடத்தில் ஓடிவிடும். அப்படி இல்லாத படத்தில் பெரியவர் கை இருக்கிறது. நடுவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கொடுப்பார்கள், மண்டபத்தில் மாட்டினால் வடிவாக இருக்கும் என்று. வீட்டில் கீறி அனுப்பும் போட்டிக்கு ஆரம்பப் பிரிவுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மண்டபத்தில் உட்கார வைத்து, தலைப்பை அங்கேயே சொல்லி நடத்தும் போட்டி என்றால் போகட்டும்.

#14 படுவான்கரை டீச்சர்

மெழுகுதிரி வேலை செய்தது நானா. அந்த இருவரில் ஒருத்தி இப்போது வீட்டிலும் மெழுகுதிரியைத் தேய்த்துத் தீர்க்கிறாளாம், தாய் முறைப்பாடு.

அடுத்தது களிமண். குளத்துக் கரையில் நல்ல மண் இருக்கிறது. யானையும் மாடும் செய்தார்கள், காய்ந்ததும் கால் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. முதுகில் வெடிப்பு. சூளை எதுவும் இல்லை. என்ன வழி?

#15 கல்லடிக் காற்று

மண்ணை முதலில் கல்லும் வேரும் எடுத்து நன்றாகப் பிசைந்து அடித்து, ஈரச் சாக்கில் சுற்றிப் பொலித்தீனுக்குள் இரண்டொரு நாள் வையுங்கள். காற்றுக் குமிழ் போகும். அப்படியும் வெடித்தால் கொஞ்சம் மணல் சேர்த்துப் பிசையுங்கள். கால் கழல்வதற்குக் காரணம் வெறுமனே ஒட்டியது. இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசி அழுத்த வேண்டும். அதை விட லேசு, ஒரே உருண்டையிலிருந்து காலை இழுத்தெடுப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. பெரிய உடம்பை அடியிலிருந்து கரண்டியால் குடைந்து விடுங்கள், ஒரு விரல் தடிப்பு மிஞ்சினால் போதும். வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் மெதுவாகக் காய வேண்டும். உமி போட்டுச் சுடலாம் என்று யாராவது சொல்வார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம். சுடாமலே வைத்திருந்து, உடைந்தால் ஊறப்போட்டுத் திரும்பவும் பிசையலாம்.

#16 மருதமுனை நானா

தங்கச்சி, எங்கட வீட்டில் தறிக் கழிவு நூல் மூட்டையாகக் கிடக்கிறது. மண் பொம்மைக்கும் ஆகும், படத்தில் ஒட்டவும் ஆகும். மாமாட மகன் மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறவர், குடுத்து விடுகிறேன். எங்கே வாங்குவீர்கள் என்று தனிமடலில் போடுங்க.

#17 படுவான்கரை டீச்சர்

அனுப்பிவிட்டேன் நானா. எந்த நிறமானாலும் பரவாயில்லை, கறுப்பு இருந்தால் மட்டும் கூடப் போடுங்கள். தலைமயிருக்கு எல்லோரும் அடிபடுவார்கள்.